உஷார்! பாயிண்ட் உங்களுடையது, விலை வங்கியுடையது

மால் வாசலில் மடக்கு மேசை போட்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க நிற்கும் பையன் உங்களைக் கூப்பிட்டு ஒரே மூச்சில் நாலு விஷயம் சொல்வான். "லைஃப்டைம் ஃப்ரீ சார், ஜாயினிங் போனஸ் இருக்கு சார், எல்லா செலவுக்கும் ரிவார்டு பாயிண்ட் சார், ஏர்போர்ட் லவுஞ்ச் ஃப்ரீ சார்." மூன்றாவது விஷயத்தில் அவனை நிறுத்துங்கள். "தம்பி, ஒரு பாயிண்ட் எத்தனை பைசா?" என்று கேளுங்கள். "அது ஆப்ல பார்த்துக்கலாம் சார்" என்பான். அவன் மேல் தப்பில்லை. அவனுக்குப் பாடம் எடுத்தவர்கள் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதித் தருவதில்லை.

ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் என்று சீசன் வரும்போதெல்லாம் கார்டு விற்பனையும் சேர்ந்தே சூடு பிடிக்கும். "கேஷ்பேக் கார்டா, பாயிண்ட் கார்டா, எதில் அதிகம் வரும்?" என்று வீட்டில் பேச்சு ஓடும். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: வந்து சேர்ந்த பிறகு அதன் விலை யார் கையில்? கேஷ்பேக்காக நூறு ரூபாய் உங்கள் பில்லில் கழிந்தால் அது நூறு ரூபாய்தான். அதை யாரும் எண்பது என்று சொல்ல முடியாது. ஆயிரம் பாயிண்ட் சேர்ந்தால்? விமான டிக்கெட் வாங்கினால் ஒரு விலை, பரிசுக் கூப்பன் வாங்கினால் இன்னொரு விலை, பில்லில் கழித்துக்கொண்டால் அதைவிடக் குறைந்த விலை. அடுத்த வருஷம் என்ன விலை என்பது வங்கியின் மின்னஞ்சல் வந்தால்தான் தெரியும். சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கிற கடைக்காரர், மறுநாள் நாம் அதே மிட்டாயைக் காசாக நீட்டினால் வாங்குவாரா? பாயிண்டும் அந்த ஜாதிதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 150 ரூபாய் செலவுக்கு 4 பாயிண்ட் தரும் கார்டு. சந்தையில் பழகிப்போன விகிதம் இது. விளம்பரத்தில் பார்த்தால் அள்ளிக் கொடுப்பது போலத்தான் இருக்கும். ஒரு லட்ச ரூபாய் செலவழித்தால் ஏறக்குறைய 2,660 பாயிண்ட். அந்த வங்கியின் தளத்திலேயே விமானமோ ஓட்டலோ பதிவு செய்தால் ஒரு பாயிண்ட் 50 பைசா, ஆக 1,330 ரூபாய். பரவாயில்லை. "எனக்கு விமானம் வேண்டாம், பில்லில் கழித்துவிடுங்கள்" என்றால் ஒரு பாயிண்ட் 20 பைசா. அதாவது 532 ரூபாய். அதோடு விட்டார்களா? பாயிண்டை மாற்றுவதற்கு ஒவ்வொரு முறையும் 99 ரூபாய் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கிட்டத்தட்ட 117 ரூபாய் போய், கைக்கு வருவது 415 சொச்சம். ஒரு லட்சத்துக்கு 415! அரை சதவீதம்கூட இல்லை. ஒன்றுமே தெரியாத, சாதாரண, ஒரு சதவீத கேஷ்பேக் கார்டு சத்தமில்லாமல் ஆயிரம் ரூபாயைக் கழித்துவிட்டுப் போயிருக்கும்.

இன்னொரு சின்ன ஓட்டை. "150 ரூபாய்க்கு 4 பாயிண்ட்" என்றால் 149 ரூபாய்க்குப் பூஜ்யம். ஓட்டலில் 140 ரூபாய்க்குச் சாப்பிட்டால் ஒன்றும் இல்லை. 290 ரூபாய்க்குச் சாப்பிட்டாலும் ஒரே ஒரு 150தான் கணக்கு. சில்லறைச் செலவுகளைக் கார்டில் தேய்ப்பவர்களுக்கு அந்த ஒரு லட்சத்துக்கு 2,660 பாயிண்ட்கூடத் தேறாது.

இதெல்லாம் கார்டு வாங்கும் நாளிலேயே விதிமுறையில் எழுதியிருப்பது. பயப்பட வேண்டியது, வாங்கிய பிறகு மாறுவது.

ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டு ஞாபகம் இருக்கிறதா? கார்டுப் பிரியர்கள் கொண்டாடித் தீர்த்த கார்டு. ஒரு மாதத்தில் ஒரு லட்ச ரூபாய் செலவழித்தால், வழக்கமான பாயிண்டுக்கு மேல் 25,000 பாயிண்ட் போனஸ். அந்தப் பாயிண்டை விமான நிறுவனங்களின் மைலாக, அதாவது டிக்கெட் வாங்க உதவும் அவர்களின் பாயிண்டாக, மாற்றினால் 5 பாயிண்டுக்கு 4 மைல். பள்ளிக் கட்டணம், மளிகை, சொந்தக்காரர் வீட்டு ஏசி என்று எல்லாவற்றையும் அந்த ஒரே கார்டில் கொண்டுவந்து, மாதா மாதம் அந்த ஒரு லட்சத்தைத் தொட்டவர்கள் எத்தனையோ பேர். 2023 செப்டம்பர் 1 அன்று கதை மாறியது. மாதப் போனஸ் எடுக்கப்பட்டது. 10,000 ரூபாயாக இருந்த ஆண்டுக் கட்டணம் 12,500 ஆனது, ஜிஎஸ்டி தனி. மைல் மாற்றும் விகிதம், அந்த வங்கியின் பெரும் பணக்காரப் பிரிவில் இல்லாத சாதாரண வாடிக்கையாளர்களுக்கு, 5க்கு 4 என்பதிலிருந்து 5க்கு 2 ஆனது.

கடைசி மாற்றத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். போனஸை நிறுத்தினால் இனிமேல் கிடைக்காது, அவ்வளவுதான். விகிதத்தை மாற்றினால் ஏற்கெனவே சம்பாதித்து வைத்ததும் கரைகிறது. குடும்பத்தோடு வெளிநாடு போகலாம் என்று ஒரு லட்சம் பாயிண்ட் சேர்த்து வைத்திருந்தவருக்கு ஆகஸ்ட் 31 அன்று 80,000 மைல். மறுநாள் காலையில் 40,000. அவர் ஒரு ரூபாய் செலவழிக்கவில்லை, ஒரு தவறும் செய்யவில்லை. சேமித்ததில் பாதி போய்விட்டது. வங்கி முன்னறிவிப்புக் கொடுத்தது உண்மைதான். சட்டப்படி குறை சொல்ல முடியாது. பாயிண்ட் திட்டத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நாம் ஒப்புக்கொண்ட விதிமுறையிலேயே இருக்கிறது. நாம்தான் அதைப் படிக்காமல் டிக் அடித்திருக்கிறோம்.

மைல் பக்கம் போனால் ஆபத்து இரட்டிப்பு, ஏனென்றால் வங்கி மாறினாலும் அடி, விமான நிறுவனம் மாறினாலும் அடி. 2019 ஏப்ரல் 17 இரவோடு ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது. அதன் மைல் திட்டத்தை நடத்தியது தனி நிறுவனம் என்பதால் மைல்கள் கணக்கில் அப்படியே இருந்தன. எந்த விமானத்தை நம்பிச் சேர்த்தார்களோ அந்த விமானம் இல்லை. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தது. அதன் பாயிண்டுகள் ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப்புக்கு மாறின, சரி. ஆனால் விஸ்தாரா பெயரில் வங்கிகள் விற்ற கார்டுகள்? இவ்வளவு செலவழித்தால் ஒரு இலவச டிக்கெட் என்ற ஆசையில்தான் அவற்றை வாங்கினார்கள். 2025இல் அந்த டிக்கெட் சலுகைகள் நிறுத்தப்பட்டன. அதே 2025 மார்ச் கடைசியில், ஏர் இந்தியா எஸ்பிஐ பிளாட்டினம் கார்டில் ஏர் இந்தியா டிக்கெட்டுக்கு நூறு ரூபாய்க்கு 15 பாயிண்ட் கிடைத்தது 5 ஆனது. சிக்னேச்சர் கார்டில் 30 பாயிண்ட் 10 ஆனது. மூன்றில் ஒரு பங்கு!

அமெரிக்காவிலும் இதே போன்ற புகார்கள் பெருகி, அங்குள்ள நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 டிசம்பரில் வங்கிகளை எச்சரித்தது: ஏற்கெனவே சம்பாதித்த பாயிண்டின் மதிப்பைக் குறைப்பது சட்டவிரோதமாகவும் ஆகலாம் என்று. நம்மூரில் கட்டணத்தை உயர்த்துவதற்குத்தான் ரிசர்வ் வங்கி தெளிவான விதி வைத்திருக்கிறது. ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், பிடிக்கவில்லை என்றால் கூடுதல் கட்டணம் இல்லாமல் கார்டை ஒப்படைக்கலாம்.

அப்படியானால் கேஷ்பேக் கார்டு புனிதமா? கிடையவே கிடையாது. 2022 செப்டம்பரில் வந்த கேஷ்பேக் எஸ்பிஐ கார்டு, எந்தத் தளத்தில் வாங்கினாலும் ஆன்லைன் செலவுக்கு 5 சதவீதம் என்று அதிரடியாக இறங்கியது. மாதத்துக்கு 10,000 ரூபாய் வரை. 2023 மே மாதம் அந்த உச்சவரம்பு 5,000 ஆகப் பாதியானது. விமான நிலைய லவுஞ்ச் போயிற்று. கேஷ்பேக் இல்லாத செலவுகளின் பட்டியல் நீண்டது. எல்லாச் செலவுக்கும் 2 சதவீதம் என்று 2020இல் வந்த ஆக்சிஸ் ஏஸ் பிறகு 1.5க்கு இறங்கியது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியம்: ஏஸ் வைத்திருந்தவருக்குப் போன மாதம் கழிந்த 2 சதவீதத்தை யாரும் திருப்பி எடுக்கவில்லை. வெட்டு விழுந்தது நாளைய செலவுக்குத்தான், நேற்றைய சேமிப்புக்கு இல்லை.

கேஷ்பேக் என்று பெயர் வைத்தால் மட்டும் கேஷ் ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில கார்டுகளில் அது பில்லில் தானாகக் கழியும், இதுதான் அசல். சிலவற்றில் ஒரு ஷாப்பிங் தளத்தின் வாலெட்டில் இருப்பாக ஏறும், அங்கேயேதான் செலவழிக்க வேண்டும். இன்னும் சிலவற்றில் பெயர் கேஷ்பேக், வருவதோ பாயிண்ட். குறைந்தபட்சம் இத்தனை சேர்ந்தால்தான் எடுக்கலாம், இரண்டு வருஷத்தில் காலாவதி, நீங்களாக உள்ளே போய்க் கேட்டால்தான் கழியும். பெரிய எழுத்தில் கேஷ்பேக், சின்ன எழுத்தில் பாயிண்ட். கார்டு வாங்கும் முன் "தானாகக் கழியுமா?" என்ற ஒரு கேள்வியில் இந்த வேஷம் கலைந்துவிடும்.

அடுத்தது உச்சவரம்பு. "5 சதவீதம்" என்று பேனரில் பார்த்து மயங்காதீர்கள். மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் வரைதான் என்று இருந்தால், இருபதாயிரம் செலவோடு ஐந்து சதவீதம் முடிந்தது. நீங்கள் நாற்பதாயிரம் செலவழித்தால் உங்கள் உண்மையான விகிதம் இரண்டரை. அதன் பிறகு ஆண்டுக் கட்டணம். 999 ரூபாய்க் கட்டணம், ஜிஎஸ்டியோடு 1,179. ஒரு சதவீதம் தரும் செலவுகளையே செய்பவர் வருஷத்தில் 1,18,000 ரூபாய் தேய்த்த பிறகுதான் அந்தக் கட்டணமே வசூலாகும். அதுவரை வங்கிக்கு நீங்கள்தான் கேஷ்பேக் தருகிறீர்கள்.

பிறகு விலக்குப் பட்டியல். நடுத்தரக் குடும்பத்தின் பெரிய செலவுகள் எவை? வாடகை, பள்ளிக் கட்டணம், காப்பீட்டு பிரீமியம், மின் கட்டணம், பெட்ரோல், நகை. பெரும்பாலான கார்டுகளின் விலக்குப் பட்டியலை எடுத்துப் படியுங்கள். இதே பெயர்கள்தான் வரிசையாக இருக்கும். காரணம் உண்டு. கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரர் ஒரு கட்டணம் கட்டுகிறார். அதில் வங்கிக்கு வரும் பங்கிலிருந்துதான் உங்களுக்குக் கேஷ்பேக்கோ பாயிண்டோ வருகிறது. அரசுக் கட்டணம், பெட்ரோல், காப்பீடு போன்றவற்றில் வங்கிக்கு மிஞ்சுவது குறைவு. அதனால் அங்கே கை இறுகும். கார்டில் வாடகை கட்டினால் பல வங்கிகள் ஒரு சதவீதம் கட்டணம் எடுக்கின்றன, பாயிண்டும் கிடையாது. யூபிஐயில் ரூபே கிரெடிட் கார்டை இணைத்து டீக்கடையில் ஸ்கேன் செய்கிறவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள். பல கார்டுகளில் யூபிஐ செலவுக்கு விகிதம் தனி, குறைவு.

கடையில் நடப்பது இன்னொரு கூத்து. அறுபதாயிரம் ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் பேசி முடித்து, கார்டை நீட்டுகிறோம்.

"கார்டா சார்? அப்ப ரெண்டு பெர்சென்ட் எக்ஸ்ட்ரா ஆகும் சார். ஜீபே பண்ணா இதே ரேட்."

"கேஷ்பேக் வருமேப்பா."

"அது உங்க பேங்க் குடுக்கிறது சார், எங்களுக்கு மெஷின் சார்ஜ் இருக்குல்ல?"

இரண்டு சதவீதம் 1,200 ரூபாய். கார்டு தரும் ஒரு சதவீதம் 600. அறுநூறு ரூபாய் நஷ்டம்தான் மிச்சம். கவுண்டரில் நிற்கும்போது இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்காமல் "பாயிண்ட் வரட்டும்" என்று தேய்த்துவிட்டு வருகிறவர்களை நான் நிறையவே பார்க்கிறேன். படித்தவர்கள்தான்.

சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களுக்கும் இதே கதை, எண்கள்தான் பெரிது. முஸ்தபா சென்டரில் ஐம்பதாயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கிக் கார்டில் கட்டினால், பல இந்தியக் கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், ஜிஎஸ்டி சேர்த்து 4.13. அதாவது 2,065 ரூபாய். "வெளிநாட்டில் இரட்டைப் பாயிண்ட்" என்ற சலுகை அதை ஈடுகட்டுமா என்று பாயிண்டின் பைசா மதிப்பை வைத்துப் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நூறுகளிலும் ஆயிரங்களிலும் நடக்கிற விளையாட்டு. வீட்டையே சாய்க்கிற விஷயம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிப் பேசாமல் கேஷ்பேக்கா பாயிண்டா என்று விவாதிப்பது அநியாயம்.

பில் 50,000 ரூபாய் வருகிறது. "மினிமம் டியூ 2,500" என்று பக்கத்திலேயே இருக்கிறது. கையில் பணம் இறுக்கம். சரி, 2,500 கட்டிவிடுவோம், லேட் ஃபீஸ் இல்லை, சிபில் கெடாது என்று நினைக்கிறோம். மீதி 47,500க்கு மாத வட்டி 3.75 சதவீதம் என்று வைத்தால் 1,781 ரூபாய். அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். மொத்தம் 2,100. நீங்கள் கட்டிய 2,500இல் பெரும்பகுதி ஒரே மாதத்தில் ஆவியாகிவிட்டது. இது கொஞ்சம் கருணையான கணக்கு. உண்மையில் வட்டியைப் பொருள் வாங்கிய தேதியிலிருந்தே போடுவார்கள். அதைவிட மோசம், பாக்கி நிற்கும் மாதங்களில் புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லாத நாட்களே கிடையாது. இன்று காலையில் வாங்கிய அரிசி மூட்டைக்கு இன்றிலிருந்தே வட்டி ஓடும். அந்த 50,000க்குக் கிடைத்த ஒரு சதவீத கேஷ்பேக் 500 ரூபாய். ஒரு மாதப் பாக்கி, நான்கு மாதக் கேஷ்பேக்கைத் தின்றுவிட்டு ஏப்பம் விடும்.

மாதம் மூன்றே முக்கால் என்றால் வருஷத்துக்கு 45 சதவீதம். கந்துவட்டி என்று யாரைப் பார்த்துப் பயப்படுகிறோமோ அவர்களோடு தோள் உரசும் விகிதம் இது. 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்புச் சொன்னது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆக, 30 என்ற அந்தத் தடுப்புச் சுவரும் இன்று இல்லை. மாதா மாதம் பில்லை முழுசாகக் கட்ட முடியாதவர் எந்த ரிவார்டு கார்டையும் தொடக்கூடாது என்பேன். கடுமையாகத் தெரியலாம். கணக்கு அதைவிடக் கடுமை. கார்டை வைத்து ஏடிஎம்மில் பணம் எடுக்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றே விடுங்கள்: எடுக்கும் கட்டணம் தனி, வட்டி அந்த நிமிஷத்திலிருந்து, பாயிண்ட் பூஜ்யம்.

முழுசாகக் கட்டுகிறவர்களையும் பாயிண்ட் சும்மா விடாது. 2001இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிரேலெக், சிமெஸ்டர் என்ற இரு பேராசிரியர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களிடம் கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். ஒரு பிரிவினரிடம் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்றார்கள், இன்னொரு பிரிவினரிடம் கிரெடிட் கார்டு என்றார்கள். கார்டுக்காரர்கள் கேட்ட விலை ரொக்கக்காரர்கள் கேட்டதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கார்டு நம் கையை எப்படித் தளர்த்துகிறது என்பதற்கு இது போதும். இதன் மேல் "இன்னும் 8,000 செலவழித்தால் 2,000 போனஸ் பாயிண்ட்" என்று மாதக் கடைசியில் ஒரு நோட்டிஃபிகேஷன் வந்தால்? தேவையில்லாத எட்டாயிரத்தைச் செலவழித்து, பில்லில் கழித்தால் நானூறு ரூபாய் மதிப்புள்ள பாயிண்டை ஜெயித்துக்கொண்டு வருகிறோம். வருஷத்துக்கு நாலு லட்சம் தேய்த்தால் கட்டணத் தள்ளுபடி என்பதும் இதே கொக்கிதான். கேஷ்பேக் கார்டில் இந்த இலக்குத் துரத்தல் குறைவு. அதனாலேயே அது எனக்குப் பிடிக்கும்.

பாயிண்ட் கார்டு யாருக்கும் ஆகாதா என்று கேட்டால், ஆகும். வருஷத்தில் பல முறை விமானத்தில் போகிறவர், எந்தத் தேதியில் எந்த விமான நிறுவனத்துக்கு மைலாக மாற்றினால் லாபம் என்று உட்கார்ந்து பார்க்கிறவர், பில்லை ஒரு நாள்கூடத் தாமதிக்காதவர். இவர்களில் சிலர் பாயிண்டிலிருந்து எந்தக் கேஷ்பேக் கார்டும் தராத அளவுக்கு எடுக்கிறார்கள்; பொய்யில்லை. ஆனால் அது ஒரு பகுதி நேர உத்தியோகம். வங்கியின் பயணத் தளத்தில் காட்டும் டிக்கெட் விலையை விமான நிறுவனத்தின் தளத்தோடு ஒப்பிட வேண்டும், ஏனென்றால் ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய் என்று தந்துவிட்டு டிக்கெட்டில் ஆயிரம் கூட வைத்தால் என்ன பயன்? சில கார்டுகளில் மொத்த விலையில் 70 சதவீதம் வரைதான் பாயிண்டில் கட்டலாம், மீதியைக் கையிலிருந்து போட வேண்டும். அறிவிப்பு மின்னஞ்சல்களைப் படிக்க வேண்டும். சேர்ந்தால் உடனே செலவழித்துவிட வேண்டும். பாயிண்டை வைப்பு நிதி மாதிரி சேர்த்து வைப்பவர்தான் மேக்னஸ்காரர் போல மாட்டுகிறார். வருஷத்துக்கு ஒரு தடவை திருப்பதி, ஒரு தடவை சொந்த ஊர், இரண்டும் ரயிலில் என்றால் உங்களுக்கு எதற்கு மைல்?

பாயிண்டை மிக்ஸி, டிராலி பை, ஹாட்பாக்ஸ் என்று மாற்றிக்கொள்ளச் சொல்லும் பரிசுப் பட்டியலைப் பற்றி ஒரு வரி. ஹாட்பாக்ஸுக்கு 6,000 பாயிண்ட் கேட்டால், உங்கள் கார்டில் கிடைக்கும் நல்ல விலை 50 பைசா என்றால், நீங்கள் கொடுப்பது 3,000 ரூபாய். அதே ஹாட்பாக்ஸ் பாத்திரக் கடையில் என்ன விலை என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

இப்போது, இந்தப் பக்கத்தைக் கிழித்து வீட்டில் பெரியவர்களிடம் காட்ட வேண்டிய பகுதி. "உங்கள் ரிவார்டு பாயிண்ட் இன்று நள்ளிரவோடு காலாவதி ஆகிறது, ரூபாயாக மாற்ற இந்தச் செயலியை இறக்கவும்" என்று எஸ்எம்எஸ்ஸோ வாட்ஸாப்போ வந்தால் அது திருட்டு. தெரிந்தவரின் எண்ணிலிருந்தும் வரலாம். அவருடைய போனை ஏற்கெனவே பிடித்திருப்பார்கள். வங்கியின் முத்திரை அச்சு அசலாக இருக்கும், கூடவே ஒரு ஏபிகே கோப்பு. அதை நிறுவினால் உங்களுக்கு வரும் ஓடிபிகளை அவர்களும் படிப்பார்கள். பாரத ஸ்டேட் வங்கியின் பெயரில் இது பரவியபோது, வங்கி இப்படி இணைப்போ ஏபிகேவோ அனுப்புவதே இல்லை என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2024இல் எச்சரித்தது. பாயிண்டின் மதிப்பு யாருக்குமே தெரியாது என்பதுதான் திருடனுக்கு வசதி. "உங்களுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் பாயிண்ட் இருக்கிறது" என்றால் நம்பிவிடுகிறோம். எவ்வளவு இருக்கிறது என்று முன்பே தெரிந்தவர் சிரித்துவிட்டு அழித்துவிடுவார்.

மாட்டிக்கொண்டால் நிமிஷம் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள், அதே கையோடு வங்கியில் கார்டை முடக்குங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வேறெங்கோ ஏற்பட்ட ஓட்டையால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் தெரிவித்தால் உங்களுக்கு நஷ்டம் இல்லை என்கிறது ரிசர்வ் வங்கியின் விதி. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போனது உங்கள் தலையில். புகார் கொடுத்த பிறகு போவது வங்கியின் தலையில். அந்தக் கோட்டைச் சீக்கிரம் போடுவதற்குத்தான் அவசரம்.

கேட்காமலே கார்டு வந்திருந்தால்? "ஃப்ரீதானே, இருக்கட்டும்" என்று அலமாரியில் போடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி உங்கள் சம்மதம் இல்லாமல் கார்டு தரக்கூடாது. தந்து கட்டணமும் போட்டிருந்தால் அதைத் திருப்பித் தருவதோடு அதைப் போல இரண்டு மடங்கு அபராதமும் தர வேண்டும். இருக்கிற கார்டு சரிப்படவில்லை என்றால் மூடிவிடலாம். அதற்கு முன் மூன்று வேலை: பாயிண்டை எடுத்துவிடுங்கள் (கார்டு மூடியதும் பெரும்பாலும் அவை பூஜ்யம்), அந்தக் கார்டில் தானாகப் போய்க்கொண்டிருக்கும் சந்தாக்களை மாற்றுங்கள், பாக்கியைப் பைசா மிச்சமில்லாமல் கட்டுங்கள். பிறகு கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள், மின்னஞ்சல் போதும். "மேடம், ஒரு வருஷம் ஃபீஸ் தள்ளுபடி பண்றோம், 5,000 போனஸ் பாயிண்ட் தர்றோம்" என்று போன் வரும். "தம்பி, ஒரு பாயிண்ட் எத்தனை பைசா?" என்று அவரிடமும் கேட்கலாம். ஏழு வேலை நாட்களுக்குள் மூடவில்லை என்றால், பாக்கி எதுவும் இல்லாத பட்சத்தில், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். அது பாயிண்டாக இல்லை, பணமாகவே. தராமல் இழுத்து, முப்பது நாளில் சரியான பதிலும் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள்.